காலைல செத்தவன் மத்தியானம் எந்திரிச்சான்

"காலைலயே செத்துட்டேன்டா நானு! செத்தவன் எப்பிடிடா உன் கால ஒடப்பான்?"

பாலசமுத்திரம் பஸ் ஸ்டாப்புல டீ குடிச்சிக்கினு இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. கத்துனவன் கோவர்த்தனன். எதிர்ல கோல ஊனிக்கினு நின்னவன் முனிகிருஷ்ணன். ரெண்டு பேரும் பங்காளிங்க, பெரியப்பன் புள்ள சித்தப்பன் புள்ள.

"செத்தவன் எந்திரிச்சு வந்த கத எனக்குத் தெரியும்ணா," அப்டின்னான் முனிகிருஷ்ணன். "படத்தோட டிஸ்க்கு வரட்டும். ஊரே பாக்கும்."

"வரட்டும்டா. பொரி வாங்கிக்கினு வந்து மொத ஆளா நானே ஒக்காந்து பாக்குறேன்!"

டீக்கடையில இருந்தவங்க சிரிச்சிட்டாங்க. கால் ஒடஞ்சது கூட முனிகிருஷ்ணனுக்கு அவ்ளோ வலிக்கல. அந்தச் சிரிப்பு வலிச்சுது.

விஷயம் இதான். போன வருஷத்துக்கு மின்ன வருஷம் வடமாலபேட்ட பக்கத்துல காஞ்ச ஏரில ஒரு ராஜா காலத்து சண்ட படம் எடுத்தாங்க. சிப்பாய்ங்களா நிக்க ஆள் வேணும்னு நம்ம ஊர்ல இருந்து லாரில ஏத்திக்கினு போனாங்க. எல்லாருக்கும் நீலத் தலப்பாக. ஒட்டு மீச, கைல மரக்கத்தி, இல்லன்னா ஈட்டிக் கம்பு. எதிரி ராஜா ஆளுங்களுக்கு செவப்புத் தலப்பாக. ஆனா செவப்புக்கு ஆள் பத்தல. அதனால காலைல செத்துக் கெடந்த நீலத்த எல்லாம் மத்தியானம் சோறு துன்னதும் எழுப்பி செவப்பு கட்டி உட்டாங்க. காலைல நம்மகூட நின்னு கத்துனவன், மத்தியானம் நம்மளையே வெட்ட ஓடி வருவான். அன்னிக்கு அத சொல்லி சொல்லி சிரிச்சாங்க.

முனிகிருஷ்ணன் காலைல சாவல. கடேசி வரைக்கும் நீலம்தான். கடேசி ஷாட்டுல குதுர எல்லாம் ஓடி வரச்சொல்ல பின்னாடி இருந்து முட்டிக்கு கீழ ஒரு அடி. மரக்கத்தி அடி இல்ல அது, ஈட்டிக் கம்ப ஓங்கி உட்ட அடி. உழுந்தான். உழுந்தவன் மேல குதுர மிதிச்சிது. ஆஸ்பத்திரில எல்லாரும் குதுர மிதிச்சிதுன்னுதான் எழுதிக்கினாங்க. அடிச்சவன் செவப்புத் தலப்பாகன்னு மட்டும்தான் அவன் கண்ணுல பட்டுச்சு.

அதுக்கு மின்ன வாரம்தான் முனிகிருஷ்ணனோட மாந்தோப்புக்குப் போற வழிய மறிச்சி கோவர்த்தனன் முள்ளு போட்டிருந்தான். முனிகிருஷ்ணன் போய் அத புடுங்கி எறிஞ்சிட்டு வந்தான். இப்ப நொண்டிக் கால வச்சிக்கினு மரம் ஏற முடியல. அதனால தோப்ப குத்தகைக்கு உட்டுட்டான். வேற யாரும் வரல, குத்தகைக்கு எடுத்தவனும் அந்த கோவர்த்தனன்தான். தன்னோட மரத்துல ஏறி அவன் காய் பறிக்கிறத தெனம் வாசல்ல இருந்து பாத்துக்கினு இருந்தா மனுசனுக்கு எப்பிடி இருக்கும்?

தியேட்டர்ல அந்த எடம் வந்துச்சு, போச்சு. கண்ண சிமிட்டுறதுக்குள்ள ஒரே தூசி. வூட்ல பாக்குற டிஸ்க்கு வந்தா அதுல சண்ட முழுசா இருக்கும், நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்னு சொன்னது அவன் மச்சான் சந்திரசேகர். திருப்பதில கல்யாண மண்டபங்களுக்கு ஸ்கிரீனும் ஸ்பீக்கரும் வாடகைக்கு உடுற ஆளு. அன்னில இருந்து முனிகிருஷ்ணன் பொழுதுக்கும் போன் போட்டு "டிஸ்க்கு வந்துச்சா மச்சான்"னு கேட்டுக்கினே இருந்தான். கங்கம்மா ஜாத்தர, அதான் திருப்பதி அம்மன் திருவிழா, நெருங்கச்சொல்ல டிஸ்க்கு வந்துச்சு. பொண்டாட்டி சுந்தரம்மாவ கூட்டிக்கினு திருப்பதிக்கு பஸ் ஏறுனான்.

பெரிய டிவில போட்டான் சந்திரசேகர். மொத மொத தெரிஞ்சது இன்னா தெரியுமா? ஒடஞ்ச தேரு பக்கத்துல வாயப் பொளந்துக்கினு செத்துக் கெடந்தான் கோவர்த்தனன். நீலத் தலப்பாக. அவன் சொன்னது நெஜம்!

முனிகிருஷ்ணன் ரிமோட்டுக்குக் கைய நீட்டுனான். "நிறுத்து மச்சான். போதும்."

"இன்னாயா போதும்?" அப்டின்னா சுந்தரம்மா. "காலைல செத்தவன்தானே மத்தியானம் செவப்பு கட்டுவான்? நீதான வந்து சொன்ன? போடு தம்பி, முன்னால ஓட்டு."

ஓட்டுனான். குதுரைங்க வருது. "நிறுத்து!" அப்டின்னான் முனிகிருஷ்ணன். தூசிக்குள்ள ஒரு செவப்புத் தலப்பாக, ஒட்டு மீச. மூஞ்சி சரியா தெரியல. ஆனா எல்லா சிப்பாயும் ஆயுதத்த வலது கைல புடிச்சிக்கினு இருக்க, இவன் மட்டும் கம்ப எடது கையால ஓங்குறான். கோவர்த்தனன் எடது கைக்காரன். "கத்திய ரைட் ஹேண்டுல புடிய்யா"ன்னு டைரக்டரோட ஆளு காலைல பூரா அவனத்தான் திட்டிக்கினு இருந்தாரு.

சுந்தரம்மா டிவி கிட்டப் போயி அந்தக் கைய வெரலால தொட்டா. "இந்தக் கை அழுகணும்"னு மட்டும் சொன்னா.

ஜாத்தரைல பண்ட வேஷம்னு ஒண்ணு உண்டு. ஒடம்பு பூரா குங்குமம் பூசிக்கினு, பூ சுத்திக்கினு, யாரையும் எப்பிடி வேணும்னாலும் திட்டலாம். திட்டு வாங்குறவன் எதிர்த்துப் பேசக் கூடாது, அது அம்மா பேச்சு. கோவர்த்தனன் வருஷா வருஷம் ஜாத்தரைக்கு திருப்பதில இருக்குற மவ யமுனா வூட்டுக்கு வந்துடுவான். அது முனிகிருஷ்ணனுக்கு நல்லாவே தெரியும்.

முனிகிருஷ்ணன் அந்த வேஷம் கட்டிக்கினு, தலைல இருந்து கால் வரைக்கும் செவப்பா, நொண்டிக்கினே போயி அந்த வாசல்ல நின்னான். தெருவே கூடிடுச்சு.

"ஏன்டா எடது கைப் பொணமே! பொணமாக் கெடந்து எந்திரிச்சி வந்து பங்காளி கால ஒடச்சவனே! அவன் மரத்துக் காய அதே கையால பறிச்சித் துன்னுறியே, ஜீரணம் ஆவுதாடா?" இதுக்கு மேல அவன் சொன்னத இங்க எழுத முடியாது. தெலுங்குலயும் உட்டான், தமிழ்லயும் உட்டான். ஜனங்க விசில் அடிச்சாங்க. வேஷம் கட்டுனவன் அம்மாவேதான்னு யமுனா மஞ்ச தண்ணி எடுத்தாந்து முனிகிருஷ்ணன் கால்ல ஊத்துனா, ஒடஞ்ச கால்லயும் ஊத்துனா. கோவர்த்தனன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. ரெண்டு கையயும் கூப்பி, நெடுஞ்சாண்கெடையா அந்தக் கால்ல உழுந்தான்.

முனிகிருஷ்ணன் அன்னிக்குத்தான் வயிறார சோறு துன்னான்.

மறுநாள் குங்குமத்த கழுவிட்டு சட்ட போட்டுக்கினு அதே வாசலுக்குப் போனான். "ண்ணா, நேத்து உழுந்தியே, அத இப்ப நின்னுக்கினே ஒரு வாட்டி வாயால சொல்லு. நான்தான் அடிச்சேன்னு. நான் போயிடுறேன்."

கோவர்த்தனன் காப்பி டம்ளர எடது கைல புடிச்சிக்கினு சிரிச்சான். "நேத்து நான் உழுந்தது அம்மா கால்லடா முனி. உன் கால்லன்னு நெனச்சிக்கினியா? அன்னிக்கு செவப்பு கட்டுனவன் இன்னா கொஞ்ச பேரா? தடா ஊர்ல இருந்து கூட லாரில ஆள் வந்துச்சி. ஊர்ல உலகத்துல நான் ஒருத்தன்தான் எடது கையா? போ, சாட்சி இருந்தா கூட்டியா."

முனிகிருஷ்ணன் டிஸ்க்க பைல போட்டுக்கினு பஸ் ஏறிட்டான். அந்த நிறுத்துன படத்த சந்திரசேகர் போன்ல புடிச்சிக் குடுத்தான், அதான் கீழ போட்டிருக்கு. மாங்காய் பறிப்பு முடிஞ்சா அடுத்த குத்தகை பேசணும், அதுக்குள்ள அவனுக்கு சாட்சி வேணும்.

வடமாலபேட்ட ஏரில அன்னிக்கு மத்தியானம் செவப்புத் தலப்பாக கட்டுனவங்க யாராச்சும் இதப் படிச்சா, படத்த நல்லா பெருசு பண்ணிப் பாருங்க. கடேசி ஷாட்டுல, குதுர ஓடி வந்தப்ப, எடது கைல ஈட்டிக் கம்பு புடிச்சவங்க கோவர்த்தனன தவுர வேற யாராச்சும் இருந்தீங்களா? இருந்தா இருந்தேன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. தடாக்காரங்க முக்கியமா. பேரு ஊரோட கீழ பதில் போடுங்க.