நான்காம் பாகத்தின் முகம்

எட்டு வருடமாக ஒரு மாயக்கதைத் தொடருக்குப் படம் போடுவதுதான் அவனுடைய பிழைப்பு. இறக்கை முளைத்த குதிரைகள், பேசும் ஆறு, பனியால் கட்டிய பாலம் எல்லாம் அவன் மேசையில்தான் உருவம் பெற்றன. ஆனால் வாசகர்கள் கடிதம் போடுவதெல்லாம் ஒருத்தியைப் பற்றித்தான். பனிப்பாலத்தின் காவல்காரி. யாருக்கும் வழிவிடாமல் முறைத்து நிற்கும் அந்த முகத்தை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்பார்கள். கற்பனைதான் என்று பதில் எழுதிவிடுவான்.

அது அவன் அக்காவின் முகம். அவளுக்கு முப்பது வயதிருக்கும்போது இருந்த முகம்.

நான்காம் பாகத்தில் சிக்கல் வந்தது. கதையில் இருபது வருடம் ஓடிவிட்டிருந்தது. காவல்காரிக்கு இப்போது ஐம்பது. எத்தனை தடவை வரைந்தாலும் பழைய முகத்தின்மேல் யாரோ கோடு கிழித்து விளையாடியது போலவே வந்தது. பதிப்பாசிரியை ஃபோன் செய்தபோது அவன் வாயைத் திறந்து பேசி இரண்டு நாளாகியிருந்தது.

"குதிரைக்கு இறக்கை வச்சுப் பறக்க விடறீங்க. ஒரு அம்பது வயசு பொம்பளைக்கு ரெண்டு சுருக்கம் போட முடியலையா?"

"அவங்க எப்படி இருப்பாங்கன்னு தெரியலைங்க."

அது உண்மை. அக்காவுக்கும் இப்போது ஐம்பதுதான், ஆனால் அவளைப் பார்த்து எட்டு வருடம். அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது முதல் பாகத்தின் படங்களை முடித்தாக வேண்டியிருந்தது. ரெண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்று ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தான். போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்ற அக்கா, "படம் முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறாள் என்று சித்தி மகன் எப்போதோ சொல்லியிருந்தான். இரண்டு பஸ் மாறிப் போனான்.

அவனைப் பார்த்ததும் அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அட்டை ஒன்றை எடுத்தாள். பெயரோ வயதோ கேட்காமல் தானே எழுதிக்கொண்டாள்.

"உள்ள வா."

சோதனை அறையில் விளக்கை அணைத்தாள். கனத்த வட்டச் சட்டம் ஒன்றை அவன் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகினாள். எதிர்ச்சுவரில் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன.

"இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?"

"இது."

"மூணு பாகமும் என் பொண்ணு வாங்கி வச்சிருக்கா. நான் அப்படியா முறைப்பேன்?"

"கொஞ்சம்."

"தலையை ஆட்டாதே." வில்லையை மாற்றினாள். "நீ வந்துட்டுப் போனேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். கடைசி ரெண்டு நாளும். நீங்க தூங்கறப்ப வந்தான், எழுப்பாம உக்காந்திருந்துட்டுப் போனான்னு. நம்பிட்டார்."

அவனுக்கு எழுத்துகள் கலங்கின.

"நீ வராததுக்குக் கூட எனக்குக் கோபமில்ல. அதுவரைக்கும் அவர்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல நான். அதான் ஆறல."

"அக்கா..."

"கடைசி வரியைப் படி."

படித்தான். இரண்டு எழுத்து தப்பு.

விளக்கைப் போட்டாள். "எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். அடுத்த பாகத்துல அவளுக்கு வயசாகுதுன்னு விளம்பரம் வந்திருக்காமே, பொண்ணு சொன்னா. பார்க்கத்தானே வந்தே? பார்த்துக்கோ."

சுவரோரமாகப் போய் நின்றாள். அவன் பார்த்தான். மூக்கின் இருபுறமும் கண்ணாடி அழுத்திய பள்ளம். ஒரு புருவம் பாதி உதிர்ந்திருந்தது. முறைப்பைக் காணவில்லை. எதையோ வெகுநேரம் தூக்கி வந்தவளின் அலுப்புதான் இருந்தது. வெளியே அடுத்த ஆள் வந்து மணியை அடிக்கும்வரை அவள் நகரவில்லை.

"கண்ணாடி ரெடியானதும் தபால்ல அனுப்பறேன். நீ அலைய வேண்டாம்."

அது அக்கறையா, இனி வராதே என்பதா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தான். பிடிபடவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் படம் முடிந்துவிட்டது. பதிப்பாசிரியை பார்த்துவிட்டு, "முறைப்பு எங்க போச்சு? வாசகர்கள் சும்மா விடமாட்டாங்க" என்றார். இதைத் தவிர வேறு படம் தன்னிடம் இல்லை என்றான். எழுத்தாளரிடம் போயிற்று. அவர் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, படம் அப்படியே இருக்கட்டும், என் வரிகளை மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியைக் கடை முகவரிக்கு அனுப்பினான். பன்னிரண்டு நாள் கழித்து ஃபோனில் ஒரு செய்தி வந்தது. "கிடைச்சது."

எப்படி இருக்கு என்று எழுதி அழித்தான். ஒருநாள் வீட்டுக்கு வரட்டுமா என்று எழுதி, அதையும் அழித்தான். கடைசியில் "சரிக்கா" என்று மட்டும் அனுப்பினான். அவள் படித்துவிட்டாள் என்று திரை காட்டியது. பதிலுக்காக அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் மங்கும்வரை எதுவும் வரவில்லை.