துறைப்பாலத்தில் ஒரு புதுப் பலகை

விடிவதற்கு முன்பே எங்கள் கொட்டிலில் மட்டை கிழிபடும் சத்தம் தொடங்கிவிடும். தரையில் நட்ட இரும்புக் கூரில் தேங்காயைக் குத்தி, இடுப்பை வளைத்து ஒரு திருகு. மறுபடி ஒரு குத்து, மறுபடி ஒரு திருகு. மட்டை பிளக்காவிட்டால் கை வழுக்கும். வழுக்கும் கைக்காகக் கூர் காத்திருக்கும். என் இடது உள்ளங்கையில் அது போட்ட தழும்பு இருக்கிறது. உள்ளங்கை முழுசாக இருக்கும் பெண் என்று எங்கள் கொட்டிலில் ஒருத்தியும் கிடையாது.

அன்று காலையும் அப்படித்தான் உரித்துக்கொண்டிருந்தோம். கடல் இன்னும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கொப்பரைச் சூளையின் புகை கண்ணைக் கரித்தது. துறைப்பாலத்தின் பக்கமிருந்து அந்தச் சீட்டிச் சத்தம் வந்தது. நீளமாக ஒன்று, அதன் வால் போலச் சின்னதாக ஒன்று.

எல்லாக் கைகளும் நின்றன. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா மட்டும் நிறுத்தவில்லை. குத்தினாள், திருகினாள், மட்டையை வீசினாள். அது அவள் புருஷனின் சீட்டி. அவர் கடலுக்குள் போய் ஒரு மழைக்காலமே கடந்திருந்தது.

எங்கள் ஊர் தீவின் தென்கோடியில் ஒரே ஒரு தெரு. ஒரு பக்கம் முதலாளியின் தென்னந்தோப்பு, மறுபக்கம் கடல். இருக்கிற வீடு அவருடையது, குடிக்கிற கிணறு அவருடையது. தோப்புக்கு அப்பால் சதுப்பு. அதில் நடந்து போனவர்கள் இல்லை. வெளியுலகம் என்பது வாரம் ஒருமுறை வரும் படகுதான். கொப்பரையை ஏற்றிக்கொண்டு அரிசியை இறக்கிவிட்டுப் போகும். எது வந்தாலும் எது போனாலும் துறைப்பாலத்தின் வழியாகத்தான்.

பாலம் என்றால் மரத்தூண்களின் மேல் அடித்த பலகை வரிசை. ஒரு ஆள் நடக்கிற அகலம். மூட்டையோடு குனிந்து வருகிறவருக்கு எதிரே வருகிறவர் தெரியாது. அதனால் அக்காவின் புருஷன் சீட்டியடித்துக்கொண்டே நடப்பார். சுமை வருகிறது, ஒதுங்கு என்று அதற்குப் பொருள். ஊரே அவரைச் சீட்டி அண்ணன் என்று கூப்பிட்டது.

பலகை உளுத்துவிட்டது என்று அவர் மேஸ்திரியிடம் வாய் வலிக்கச் சொன்னார். "உன் கனத்தைத் தாங்கலைன்னா சோத்தைக் குறைச்சுக்கடா" என்று மேஸ்திரி சிரித்தார். ஒருநாள் காலையில் சீட்டி பாதியில் அறுந்தது. மூட்டையை முதுகோடு சேர்த்துக் கட்டிய கயிறு அவிழவில்லை. ஆண்கள் எல்லோரும் குதித்துத் தேடினார்கள். நீரோட்டம் ஆளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

முதலாளி உடைந்த இடத்தில் புதுப் பலகை போட்டார். ஒன்றே ஒன்று. கறுத்துப்போன பலகைகளுக்கு நடுவே அது எலும்பு மாதிரி வெளுத்துத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் சீட்டி கேட்க ஆரம்பித்தது. தூண் பொந்தில் காற்று புகுகிறது என்றார் சூளைக்காரர். சொன்னவரே பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். கடலைப் பார்த்த கதவுகள் எல்லாம் விளக்கேற்றும் முன்பே மூடின. அந்தப் புதுப் பலகையில் யாரும் காலை வைப்பதில்லை. முதுகில் சுமையோடு அதைத் தாண்டிப் போனார்கள். தாண்டிய கால் விழுவதோ அடுத்த உளுத்த பலகையில்.

அக்கா வீட்டுக் கதவு மட்டும் திறந்தே கிடந்தது. உடலைப் பார்க்காதவளுக்கு அழுது முடிக்கவும் வழியில்லை. "சாத்திக்க அக்கா, பயமா இல்லையா?" என்று கேட்டேன். "அவர் வந்தா தட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்றாள்.

கொட்டிலில் கைகள் நின்ற அந்தக் காலை, படகு நாள். மூட்டை ஏற்றுவது தாமதமாகிறது என்று கேள்விப்பட்டு முதலாளியே வந்திருந்தார். வெயில் ஏறியபோது பாலத்தில் ஒரு முறியும் சத்தம். கொட்டிலை விட்டு ஓடினோம். பீமன் என்று நாங்கள் கேலியாகக் கூப்பிடும் ஒல்லிச் சுமைக்காரர் புதுப் பலகையைத் தாண்டி, அடுத்ததில் தொடைவரை இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தார். மூட்டை கடலில் விழுந்து அமிழ்ந்தது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து அவரை இழுத்தார்கள். கணுக்காலிலிருந்து முட்டிவரை தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. பிறகுதான் ரத்தம் வந்தது.

முதலாளி கரையிலிருந்து கத்தினார். "மூட்டை போச்சே! கண்ணை எங்கடா வச்சிருந்தே?"

"எல்லாம் பேய்ப் பயம் முதலாளி" என்றார் மேஸ்திரி. "அந்தப் பலகைய மிதிக்க மாட்டேங்கிறானுங்க. தவளை மாதிரி தாவுறானுங்க."

முதலாளி எங்களைப் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டார். "சரி, நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. உங்க பயம் எனக்குப் புரியுது. அடுத்த படகுல பேயோட்ட நல்ல ஆளாக் கூட்டிட்டு வர்றேன். செலவு என்னோடது. இப்ப மூட்டையத் தூக்குங்க."

பெண்களுக்கு நடுவிலிருந்து அக்கா முன்னே போனாள். கையில் மட்டை நார் ஒட்டியிருந்தது.

"பேயோட்ட ஆளு வேணாம் முதலாளி. பலகை போட ஆளக் கூட்டிட்டு வாங்க."

"புதுசு போட்டுத்தானே இருக்கு?"

"அவர் உசுரு போன இடத்துல போட்டிருக்கீங்க. அடுத்தவன் உசுரு போனா அங்க ஒண்ணு போடுவீங்க. பாலம் முழுக்கப் புதுசாகுறதுக்குள்ள ஊர்ல ஆம்பளை மிஞ்சுவானா?"

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"உன் புருஷன்தான் சீட்டியடிச்சு எல்லாரையும் பயமுறுத்துறான்னு ஊரே சொல்லுதும்மா."

"அவரா? உசுரோட இருந்தப்பவே கோழியக்கூட அதட்டத் தெரியாத மனுஷன். அவரு யாரைப் பயமுறுத்தப் போறாரு?" அவள் குரல் உடைந்தது. உடனே நிமிர்ந்துகொண்டாள். "நான் ஒண்ணு கேக்கணும். படகு பாலத்து நுனியிலதான் நிக்குது. நீங்க மட்டும் ஏன் சின்னத் தோணியில ஏறி மணல்ல வந்து இறங்குனீங்க?"

முதலாளி வாயைத் திறந்தார். "எனக்கு... முட்டி வலி."

"வலி எங்களுக்கும் இருக்கு. ஒருக்கா இந்தப் பாலத்துல வெறுங்கையோட நடந்து காட்டுங்க. நானே முதல் மூட்டையத் தூக்குறேன்."

நாங்கள் எல்லோரும் அவருடைய செருப்பைப் பார்த்தோம். ஈர மணல் ஒட்டியிருந்த அந்தச் செருப்பு அசையவில்லை.

பீமன் அண்ணன் ஒற்றைக்காலில் நொண்டியபடி வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். சூளைக்காரர் தோளிலிருந்த மூட்டையை மணலில் இறக்கினார். அடுத்தடுத்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை.

"ஏத்தலைன்னா அரிசி இறங்காது" என்றார் முதலாளி. "வீடும் என் வீடு. ஞாபகம் இருக்கட்டும்."

"பாலம் சரியாகட்டும், ஏத்துறோம்" என்றார் சூளைக்காரர். அவர் நாக்கு குழறியது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

முதலாளி தோணியில் ஏறிப் படகுக்குப் போனார். படகோட்டி பாலத்து நுனியில் கயிற்றை அவிழ்த்தபடி எங்கள் ஆட்களிடம் மெதுவாகச் சொன்னார்: "போற வழியில இருக்கிற துறையிலயும் இதே லட்சணம்தான். இங்க நடந்ததை அங்க சொல்றேன்." அரிசி மூட்டைகள் படகிலேயே திரும்பிப் போயின. அது புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். குழந்தைகளிடம் என்ன சொல்வது?

மாலையில் தனித்தனியாக வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. கொட்டிலிலேயே கூடினோம். இருந்த அரிசியை ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து ஒரே பானையில் போட்டோம். ஆண்கள் வலை வீசிப் பிடித்து வந்த பொடிமீன் அடுப்பில் கிடந்தது. காற்று திரும்பியதும் பாலத்தின் அடியிலிருந்து சீட்டி வந்தது. அக்கா கரண்டியைப் பிடித்தபடி அந்தப் பக்கம் பார்த்தாள். அன்றுதான் அவள் சத்தம் போட்டு அழுதாள். நாங்கள் நெருங்கி உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டோம். சீட்டி ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிளற ஆரம்பித்தாள்.

அப்போது வெளியே ஆள் நிழல் தெரிந்தது. மேஸ்திரியின் பெண்சாதி. இடுப்பில் ஒரு கூடை நிறையக் கிழங்கு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"வீட்ல தெரியுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியும். அவருதான் கூடையத் தூக்கி விட்டாரு. ஆனா வர மாட்டேன்னுட்டாரு."

அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எழுந்து போய்க் கூடையை வாங்கினாள்.

"தோல் சீவத் தெரியும்ல? அப்படித் தள்ளி உக்காரு, அடுப்புப் பொறி தெறிக்குது" என்றாள்.