பதினேழாம் வரிசை

என் கணவர் ஆர்லோ முப்பத்தொரு வருடங்களாக ஒரே மனுவைப் போட்டுக்கொண்டிருந்தார். பெருங்கொம்பு மலை ஆட்டுக்கடா ஒன்றைச் சுட மொன்டானா மாநிலம் குலுக்கல் போட்டுக் கொடுக்கும் அனுமதிச் சீட்டுக்கான மனு. வருடா வருடம் ஜூன் மாதம் 'இல்லை' என்று பதில் வரும். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார், அப்புறம் அடுத்த வருடத்துக்குக் காத்திருப்பார். இந்த வருடம் 'ஆம்' என்று வந்துவிட்டது. ஒரே ஒரு கடா, செப்டம்பர் பாதியிலிருந்து நவம்பர் கடைசி ஞாயிறு வரை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி அவருடைய இரண்டு முழங்கால்களையும் எடுத்துவிட்டுப் புதிது வைக்கப் போகிறார்கள். அதன் பிறகு மலையேறுவதை மறந்துவிடச் சொல்லிவிட்டார் டாக்டர். இந்த வேட்டைப் பருவத்தை விட்டால் ஆர்லோவுக்கு இந்த ஜென்மத்தில் மலைக்கடா கிடையாது.

வேறு ஊர்க்காரராக இருந்தால் கடையில் ஒரு பெட்டி தோட்டா வாங்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். எங்கள் ஊரில் கடைத் தோட்டாவில் சுடுகிறவனை யாரும் மனுஷனாக மதிப்பதில்லை. சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, கழுவி, அடியில் பிரைமர் பதித்து, வெடிமருந்து அளந்து கொட்டி, மேலே குண்டைச் செருகித் தோட்டாவைத் தானே செய்துகொள்ள வேண்டும். பிரைமர் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்ன மூடி. துப்பாக்கி ஊசி அதைக் குத்தினால்தான் உள்ளே மருந்து பற்றும். எந்த மருந்துக்கு எந்தப் பிரைமர் என்ற சண்டையில் எங்கள் ஊரில் ஒரு கல்யாணமே நின்றிருக்கிறது.

ஆர்லோ ஐந்து மருந்துகளையும் நாலு பிரைமர்களையும் தேர்ந்தெடுத்தார். நாலாவது பிரைமர் இரண்டு வருடமாக எந்தக் கடையிலும் இல்லை. அவருடைய சிநேகிதர் கர்ட் ஹெப்னர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒரு பெட்டி பதுக்கி வைத்திருந்தார். எங்கள் பனி தள்ளும் இயந்திரத்தைக் கொடுத்து அதை வாங்கி வந்தார் ஆர்லோ. பனி கொட்டியபோது வாசல் பனியை நான் மண்வாரியால் தள்ளினேன்.

ஐந்து மருந்து, நாலு பிரைமர்: இருபது ஜோடி. ஜோடிக்கு ஐந்து தோட்டா. நூறு துளை போட்ட மரத்தட்டில் இருபது வரிசையாக நிற்கும். பார்வைக்கு எல்லாம் அச்சு அசலாக ஒன்றுதான். எந்த வரிசையில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் எதற்குள் என்ன மருந்து என்று சொல்ல முடியும். ஐந்து குண்டும் இலக்குத் தாளில் எவ்வளவு நெருங்கி விழுகிறதோ, அந்த ஜோடி அவ்வளவு உசத்தி. ஒரு தட்டைச் சுட்டு முடித்ததும் "காத்து இருந்துச்சு" என்பார். மறுபடி நூறு செய்வார். "வெயில் ஜாஸ்தி" என்பார். மறுபடி நூறு.

குளிர் வந்ததும் கொட்டகையில் நடந்த இந்தத் தோட்டா வேலை என் சாப்பாட்டு மேசைக்கு மாறியது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம் என்பது இவர்களுக்கு வேதம். நான் உப்பு டப்பாவை வைத்தால்கூடப் பதறிப்போய் எடுத்துவிடுவார்.

"ஆர்லோ, பருவம் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. கடா என்ன, உங்களுக்காக மலையில கடியாரத்தப் பாத்துக்கிட்டு நிக்குதா?"

"பதினொண்ணாம் வரிசைக்கும் பதினாலாம் வரிசைக்கும் நடுவுல ஒரு சந்தேகம் இருக்கு மார்லிஸ். அத மட்டும் தீத்துட்டுப் போயிடறேன்."

பருவம் முடிய பதினோரு நாள் இருந்தபோது நான் பூசணி வைத்துச் சுடும் 'பை' பலகாரத்துக்கு மாவு உருட்ட இடம் தேடினேன். புதிதாக நிரப்பிய தட்டைத் தூக்கி அடுப்பு மேடையில் வைக்கப் போனேன். கையில் வெண்ணெய். தட்டு நழுவி, நூறு தோட்டாவும் சமையலறைத் தரை முழுக்க உருண்டு ஓடின. ஆர்லோ வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நூறையும் பிரித்து, கொட்டி, மறுபடி அளந்து செய்வார். பருவம் போயே போய்விடும். எல்லாம் புத்தகத்தில் சொன்ன அளவுக்குள் செய்தவைதான், யார் மூஞ்சியிலும் வெடிக்காது. குனிந்து பொறுக்கி, கைக்கு வந்ததைக் கைக்கு வந்த துளையில் செருகிவிட்டு மாவை உருட்டப் போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் சுடுகளத்திலிருந்து ஆர்லோ நொண்டி நொண்டி ஓடிவந்தார், பின்னாலேயே கர்ட். கையில் இலக்குத் தாள். அதில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டையில் போயிருந்தன.

"பதினேழாம் வரிசை!" என்று கத்தினார் ஆர்லோ. "நான்தான் சொன்னேன்ல, என்னைக்காவது ஒரு நாள் மாட்டும்னு!"

"அதுல இருக்கிறது என் பிரைமர். ஞாபகம் இருக்கட்டும்," என்றார் கர்ட்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சந்தோஷப்பட்டேன். இனியாவது மனுஷன் மலைக்குப் போவார் என்று நினைத்தேன். போனாரா? உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று பதினேழாம் ஜோடியில் இருபது தோட்டா செய்து சுட்டார். இலக்குத் தாள் முழுக்கக் கோழி கொத்தின மாதிரி ஓட்டை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. துப்பாக்கிக் குழலைக் கழுவினார், குறிபார்க்கும் கண்ணாடியை மாற்றினார், கர்ட் பழைய பிரைமரைத் தந்து ஏமாற்றிவிட்டதாகச் சந்தேகப்பட்டு அவரோடு பேசுவதை நிறுத்தினார். நாற்பது வருட சிநேகிதம். எனக்குத் தாங்கவில்லை. கர்ட்டையும் கூப்பிட்டு உட்கார வைத்து, வெண்ணெய்க் கையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஆர்லோ திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்போ அந்த அஞ்சும் வேற வேற மருந்து," என்றார் மெதுவாக.

"வேற வேறதான். என்னை மன்னிச்சிடுங்க."

"வேற வேற மருந்து ஒரே ஓட்டையில போயிருக்கு. அப்போ விஷயம் கலப்புல இருக்கு கர்ட்."

"விழுந்ததுலயும் இருக்கலாம்," என்றார் கர்ட். "குலுங்கினா மருந்து உள்ள அமுங்கும். இந்த ஊர்ல எவனும் அத யோசிச்சதில்ல."

இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பழையபடி நூறு செய்தார்கள். வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்று, வான்கோழி அடுப்பில் வெந்துகொண்டிருக்கையில், என்னை அதே இடத்தில் நிறுத்தி, தட்டைக் கையில் கொடுத்தார்கள். கர்ட் அளவு நாடாவோடு தரையில் மண்டியிட்டார்.

"எந்தக் காலு முன்னால இருந்துச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வெண்ணெய் உப்புப் போட்டதா, போடாததா?" ஆர்லோ நோட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார்.

ஒரு முறை போட்டேன். பொறுக்கி அடுக்கினேன். சுட்டு வந்தார்கள், பலன் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை இன்னொரு நூறு, மறுபடி போட்டேன். நான் வேண்டுமென்றே போடுவதால்தான் வேலை செய்யவில்லை, அன்றைக்குத் தெரியாமல் போட்டது என்று கர்ட் கண்டுபிடித்தார். சனிக்கிழமை மத்தியானம் மூன்றாவது தட்டோடு நின்றேன். நான் எதிர்பார்க்காத நேரத்தில் பின்னாலிருந்து பயமுறுத்துவதாக ஏற்பாடு. கர்ட் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார், அவருடைய தொப்பி வெளியே தெரிந்தது.

தட்டைச் சுவரில் விட்டெறிந்தேன்.

"யோவ் ஆர்லோ! நாளைக்கு ராத்திரியோட பருவம் முடியுதுய்யா! உனக்கு மருந்தும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். மலைக்குப் போக பயம் உனக்கு!"

கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவரை நான் அப்படிப் பேசியதில்லை. கர்ட் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவே இல்லை.

ஆர்லோ நோட்டுப்புத்தகத்தை மூடினார். "பயந்தான்," என்றார். "இல்லன்னு கடுதாசி வந்தா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். முப்பது தடவ பண்ணியிருக்கேன். போய் ஏற முடியலன்னா? சுட்டு தவறிட்டா? அப்புறம் அடுத்த வருஷம்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லியே மார்லிஸ்."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. தரையில் கிடந்த தோட்டாக்களில் கைக்கு அகப்பட்ட ஐந்தைப் பொறுக்கி அவர் கோட்டுப் பையில் போட்டேன்.

ஞாயிறு விடிந்ததும் ஏறினோம். மூன்று மைல். பனி கணுக்கால் வரை. பத்தடிக்கு ஒரு தடவை அவர் நின்றார். நான் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே தள்ளினேன், திட்டுவதை நிறுத்தினால் உட்கார்ந்துவிடுவார் என்று தெரியும். மத்தியானம் தாண்டிய பிறகு பாறை விளிம்பில் கடா நின்றது. கொம்பு இரண்டு பக்கமும் முழு வட்டம் சுற்றியிருந்தது. ஆர்லோ பனியில் படுத்தார். பையிலிருந்து வந்த ஒரு தோட்டாவைப் போட்டார். அது எந்த வரிசை என்று அவர் கேட்கவில்லை.

ஒரே சத்தம். கடா முன்னங்கால்களை மடித்து அப்படியே சாய்ந்தது.

நாங்கள் அங்கே போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. ஆர்லோ அதன் பக்கத்தில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றி, கொம்பின் மேல் கை வைத்தார். தோள் குலுங்க அழுதார். நான் அவரை அழ விட்டேன்.

"மார்லிஸ், இனிமே நான் என்ன பண்றது?"

அவர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். பையிலிருந்து கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இருட்டறதுக்குள்ள இத அறுத்துக் கீழ எறக்கணும். எந்திரிங்க."