பஞ்சு தொட்ட இடம்

தோல் டாக்டரிடம் வருகிறவர்கள் நோயைக் காட்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பாதிப் பேர் மறைக்கத்தான் வருகிறார்கள். நன்றாகத் தேய்த்துக் குளித்து, பவுடர் வேறு பூசிக்கொண்டு வந்து உட்காருவார்கள். எனக்கு அங்கேயே கோபம் வந்துவிடும்.

அன்று காலை வந்த பெண் பார்லரில் முடி வெட்டுகிறவர். அவரும் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு. பத்து நாளாகத் தன் ஐந்து வயது மகளைத் தொடவே இல்லையாம்.

“கூட வேலை செய்யற அக்கா தொழுநோயா இருக்கும்னு சொன்னாங்க, டாக்டர். அன்னையிலேர்ந்து பாப்பாவ அவ அப்பாதான் குளிப்பாட்டுறார்.”

“அந்த அக்கா எந்தக் காலேஜ்ல படிச்சாங்களாம்?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தொழுநோய்த் திட்டு மரத்துப்போயிருக்கும். அக்கா சொன்னாலும் சொல்லாவிட்டாலும், வெளிறிய திட்டு என்றால் அதில் உணர்ச்சி இருக்கிறதா என்று நான் பார்த்தே ஆக வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தொடுகிற இடத்தை விரலால் காட்டச் சொன்னேன். இரண்டு முறை சரியாகக் காட்டினார். மூன்றாவது முறை நான் தொடாமல் சும்மா இருந்தேன். அப்போதும் திட்டின் நடுவில் விரலை வைத்து, “இங்க” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். “இது என்ன பரீட்சையா, பாஸாகறதுக்கு? தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க.”

“தொட்டது தெரியாமப் போயிடுமோன்னு பயம், டாக்டர். அதான் குத்துமதிப்பா காட்டிட்டேன்.”

கண்ணில் நீர் முட்டி நின்றது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குரலை இறக்கிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தேன். பன்னிரண்டு முறை தொட்டேன், பன்னிரண்டும் சரி. நடுவில் தொடாமல் இருந்தபோது விரல் அசையவில்லை. பிறகு கண்ணாடித் தகட்டின் விளிம்பால் திட்டை மெல்லச் சுரண்டினேன். அவ்வளவு தேய்த்துக் குளித்தும் தவிடு மாதிரி உதிர்ந்தது. மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை பளிச்சென்று தெரிந்தது.

“வெறும் தேமல்மா. மருந்து தடவினா அடங்கிடும். நிறம் திரும்பத்தான் கொஞ்ச நாளாகும். இது யாருக்கும் ஒட்டாது.”

“பாப்பாவத் தொடலாமா?”

“போய்த் தூக்குங்க.”

கதவைத் திறந்து, வெளியே அப்பாவோடு காத்திருந்த குழந்தையிடம் கையை நீட்டினார். குழந்தை அப்பாவின் காலுக்குப் பின்னால் போய், “தொடக் கூடாதுன்னு நீதானே சொன்ன” என்றது. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

நான் எழுந்து போனேன். குழந்தை பார்க்கும்படி அந்தத் திட்டின் மேல் என் வெறும் கையை வைத்தேன். எடுக்கவில்லை. அது என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மெதுவாக வந்து, ஒரே ஒரு விரலால் அம்மாவைத் தொட்டுப் பார்த்தது.

“சரி, தூக்கு” என்றது.