இனாசுவின் தெருவுக்குத் தார் வந்த கதை

இனாசு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், பரிசோதனைக்கு இல்லை. திருச்சூர் அங்காடிக்குப் பின்னால் இருக்கும் தன் தெருவில் தினமும் காலையில் நடக்கப் போவார். மற்றவர்கள் சர்க்கரை குறைவதற்காக நடந்தார்கள். இவர் குற்றம் கண்டுபிடிக்க நடந்தார். உடைந்த சாக்கடை மூடி, எரியாத விளக்கு, மதிலில் யாரோ துப்பிவிட்டுப் போன வெற்றிலைச் சாறு, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீடு திரும்பியதும் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு போடுவார். "நண்பர்களே, இன்றைய கண்டுபிடிப்பு" என்று அது தொடங்கும். எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை கேட்ட ஆள் கிடையாது.

சங்கத்தின் செயலாளர் தேவஸ்ஸி, இனாசு எதிரே வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார். கவுன்சிலர் அம்மா இனாசுவின் நம்பரைப் பார்த்தாலே போனைக் கவிழ்த்து வைப்பாள். இப்படியே வருஷக்கணக்காக இனாசு கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார், தெருவும் உடைந்துகொண்டே இருந்தது.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு அடங்கும் நிலைக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தார். பங்குச் சாமியார் வந்து, சாகப் போகிறவர்களுக்குக் கொடுக்கும் அவஸ்தைப் பூசுதலைக் கொடுத்தார். கனடாவிலிருந்து மகன் ஜெய்சன் ஓடி வந்தான். வடக்கே பிஷப்பாக இருக்கும் தம்பி அடக்கத்துக்கு வரத் தயாராக இருந்தார். எல்லோரும் தயாராக இருக்க, இனாசு மட்டும் ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்து, தலைமாட்டில் நின்ற குளுக்கோஸ் கம்பியின் சக்கரம் ஆடுகிறது, யாரும் கவனிப்பதில்லையா என்று கேட்டார். மனைவி கொச்சுத்ரேசிக்கு அப்போதுதான் உயிர் வந்தது. ஜெய்சன் மிச்சமிருந்த லீவையெல்லாம் தீர்த்துவிட்டுக் கனடாவுக்குத் திரும்பினான்.

வீட்டுக்கு வந்து கஞ்சியும் பப்படமுமாகக் கொஞ்சம் தேறியபின், இனாசு முதல் நாள் நடக்கக் கிளம்பினார். கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் புதுத் தார் ரோடு. சாக்கடைக்குப் புது மூடிகள். குப்பை மலையாகக் கிடந்த மூலையில் செடித் தொட்டிகள். அவர் பன்னிரண்டு குரல் பதிவு போட்டும் அசையாமல் இருந்த சாய்ந்த விளக்குக் கம்பம் நிமிர்ந்து நின்றது. ரோடு மாதா கோயில் வரைக்கும் பளபளவென்று போனது. அங்கிருந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கும் போனது. வழியெல்லாம் மதில்களுக்குச் சுண்ணாம்பு.

இனாசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் கேட்பதில்லை என்று இத்தனை நாள் நினைத்தோமே, எல்லோரும் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார்களே என்று நெஞ்சு விம்மியது. ஊரே கிறுக்கன் என்று சொன்னாலும் தான் நடந்தது வீண் போகவில்லை. வேலையில் இருந்த காலத்தில்கூட அவருக்கு இப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. திரும்பி வரும்போது எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கையசைத்தார். அவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார்கள்.

தன் வீட்டு கேட்டைத் தாண்டி நாலடி வைத்தவர் தடுக்கி விழப் பார்த்தார். தார் அவர் கேட்டோடு நின்றுவிட்டது, கத்தியால் கேக் வெட்டியது மாதிரி. அதற்கப்புறம் தெருவின் மறுபாதி பழையபடி பள்ளமும் சேறும்தான். அங்கே வீட்டோடு தையல் கடை வைத்திருக்கும் அம்மிணி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குட்டையைத் தாண்டி வந்தாள்.

"இது என்ன அம்மிணி, பாதியில விட்டுட்டானுங்க? தார் தீந்துபோச்சா?"

"தார் எங்க தீந்துச்சு சேட்டா. வழிதான் தீந்துபோச்சு."

"என்ன வழி?"

அம்மிணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்ககிட்ட யாரும் சொல்லலையா? உங்க தம்பி பிஷப்பு வருவாரு, கூட நாலு பிஷப்பு வருவாங்க, மந்திரி வருவாருன்னு பேச்சு. கவுன்சிலரம்மா பதறிட்டாங்க. உங்க வீட்லேர்ந்து கோயிலுக்கு, கோயில்லேர்ந்து கல்லறைக்கு. பெட்டி போற வழிக்கு மட்டும் ராப்பகலா வேலை நடந்துச்சு. எங்க பக்கம் பெட்டி வராதே, அதான் தாரும் வரல."

இனாசு குனிந்து தார் நின்றுபோன விளிம்பைப் பார்த்தார்.

"நீங்க பொழச்சதுல எனக்கு வருத்தமில்ல சேட்டா. தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கல்லறை எங்க பக்கம் தெருக்கோடியில இருந்திருக்கலாமேன்னுதான்."

இனாசு நேராகத் தேவஸ்ஸியின் வீட்டுக்குப் போனார். தேவஸ்ஸி செருப்பு வாருக்குக் குனிவதற்குள் அவர் காலருகே போய் நின்றுகொண்டார். தேவஸ்ஸி அரைகுறையாக ஏதோ முணுமுணுத்தபடி பின்வாங்கியபோது, கார் ஷெட்டில் சாத்தி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் பலகை தெரிந்தது. சுற்றிலும் கறுப்புக் கரை. நடுவில் டை கட்டிய இனாசு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் தெருவின் உறங்காத கண். உங்கள் குரலை இனி எப்போது கேட்போம்?'

"பக்கத்துத் தெரு சங்கத்துக்காரன் முந்திக்குவான்னு பயம் சேட்டா," என்றார் தேவஸ்ஸி. "நாம லேட்டாப் போர்டு வெச்சா நம்ம ஆளுக்கு நாம மரியாதை செய்யலைன்னு ஆயிடும்ல. பிரஸ்காரனும் ஒருதடவ அடிச்சா திருப்பி வாங்க மாட்டேங்கறான்."

"உறங்காத கண்ணுன்னு எழுதிருக்கியே. மனசாரத்தான் எழுதுனியா?"

"சத்தியமா சேட்டா. எழுதும்போது எனக்கே அழுகை வந்துடுச்சு."

"அதை ஒருநாளாவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாமே, தேவஸ்ஸி."

தேவஸ்ஸி யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னார். "உயிரோட இருக்கறவங்ககிட்ட எப்படிச் சொல்றது? பதிலுக்கு நீங்க வேற ஏதாவது கண்டுபிடிச்சுடுவீங்க."

இனாசு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வருஷக்கணக்காக நடந்து, பார்த்து, தொண்டை கிழியச் சொன்னதற்குக் கிடைக்காத மரியாதை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்ததற்குக் கிடைத்திருக்கிறது. நடக்கிற இனாசு இந்தத் தெருவுக்குத் தொல்லை. படுத்த இனாசுவுக்காக ராத்திரியில் லைட் போட்டு வேலை செய்கிறார்கள். அவமானத்தில் அவருக்கு உடம்பு கொதித்தது. கொச்சுத்ரேசி புட்டும் கடலையும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. ஜன்னலுக்கு வெளியே அம்மிணி மறுபடியும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் இனாசு எழுந்துபோய்க் கட்டிலில் மல்லாந்து படுத்தார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"கொச்சு, தேவஸ்ஸிக்கு ஒரு போன் போடு. எங்க வீட்டுக்காரருக்கு மறுபடியும் மூச்சு முட்டுதுன்னு சொல்லு. கடைசி ஆசை ஒண்ணு சொன்னாருன்னும் சொல்லு."

"என்ன ஆசை?"

"பெட்டியைக் குறுக்கு வழியில கொண்டுபோகக் கூடாது. அம்மிணி வீட்டுப் பக்கமாத் திரும்பி, மீன் சந்தையைச் சுத்தித்தான் கோயிலுக்குப் போகணும். அந்தச் சந்து வழியாத்தான் நான் தினமும் நடந்தேன், அப்படியே போகணும்னு அழுதாருன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்களா மனுஷா?"

"என்னைக்காவது சாகத்தானே போறேன். அதுல என்ன பொய்? தேதியை மட்டும் சொல்லாதே."

கொச்சுத்ரேசி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனை எடுத்தாள். நம்பரை அழுத்தப் போனவள் நிறுத்தினாள்.

"சொல்றதே சொல்றோம். மீன் சந்தையிலேர்ந்து அப்படியே எங்க அக்கா வீட்டு வழியாவும் போகணும்னு சொல்லட்டா? அங்க ஆட்டோகூட வர மாட்டேங்குது."

இனாசு கொஞ்சம் யோசித்தார். "பெட்டி தூக்கறவங்க பாவம். சரி, சொல்லு."

மறுநாள் காலையில் அம்மிணி வீட்டு முன்னால் ஜல்லி லாரி வந்து நின்றது. பின்னாலேயே ரோலரும் வந்தது. கவுன்சிலர் அம்மாவே குடை பிடித்துக்கொண்டு நேரில் வந்து நின்று ஆட்களை விரட்டினாள். இடையில் இனாசுவின் ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, சோகமாகத் தலையை ஆட்டிக்கொண்டாள். ரோலர் சத்தம் கொஞ்சம் ஓயும்போதெல்லாம் இனாசு ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவுக்குக் கேட்கும்படி பலமாக இருமினார்.