தோளில் இல்லாத லபாசா

முன்சாமியின் முதுகில் பிஜி நாடு எழும்பியது ஒரு மார்ச் மாதத்தில்; அவர் குடியேறிய ஆக்லாந்தில் தக்காளி விலை ஏறியதும் அப்போதுதான். பெரிய தீவு முதுகை அடைத்துக்கொண்டது. வலப்பக்கம் சுவா, ஓயாத மழை, சட்டையின் அந்தப் பாதி காய்ந்ததே இல்லை. இடப்பக்கம் லௌடோக்கா, வறண்ட கரும்புக்காடு. அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைக்கும் பருவத்தில் அங்கே கொப்புளம் போடும். வடக்கே தனித்த ரொட்டூமாத் தீவு பிடரியில் ஒரு மச்சம். மனைவி பிம்லா தன் ஊரான லௌடோக்காவை முதல் நாளே கண்டுபிடித்து, சோறு வடிக்க மறந்து, விரலை வைத்தபடி நின்றாள்.

முன்சாமிக்கு ஊர் லபாசா. அது அடுத்த தீவில் உள்ளது, வலது தோளில் இருந்திருக்க வேண்டும். ஈஸ்ட் டாமாக்கி கிடங்கில் அரிசி மூட்டை சுமந்து சுமந்து அங்கே இருந்தது கட்டைபோல் ஒரு காய்ப்பு. லபாசாவில் அவர்களுடைய கரும்புநிலம் பிஜிப் பழங்குடியாரிடம் எடுத்த குத்தகை. காலம் முடிந்தபோது நீட்டித்துத் தரக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. அப்பாவை ஆற்றங்கரையில் எரித்த கையோடு வீட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டு கிளம்பியவர்கள். அந்தக் கரையைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று கிடந்தார் மனிதர்.

ஞாயிறுதோறும் மவுண்ட் வெல்லிங்டன் வீட்டுக்குப் பிஜிக்காரர் கூட்டம் வந்தது. அவரவர் ஊரை அவரவர் அழுத்திப் பார்த்தார்கள், நகம் வெட்டாதவர்களும்தான். லபாசாக்காரர்கள் வந்து, தேடி, சிரித்தார்கள். நீ எங்க ஊரே இல்லையப்பா, சும்மா சொல்லிக்கிட்டுத் திரியிறே என்றார்கள். அவருக்கு அழுகை வந்தது. அழவும் செய்தார்.

காய்ப்பைச் சீவினால் அடியில் தீவு இருக்கும் என்று பட்டது. பக்கத்து வீட்டு வசந்தமலர், யாழ்ப்பாணத்துப் பெண், நர்ஸ், சம்மதித்தாள். இதைக் கேள்விப்பட்டுக் கிடங்கில் கூட வேலை செய்யும் சேரு வந்தான். அவன் பிஜிப் பழங்குடி. அவர்கள் வழக்கப்படி, அனுமதி கேட்கும்போது வைக்கும் யங்கோனா வேரைக் கட்டி எடுத்துவந்து வாசலில் அமர்ந்து கைதட்டினான். அந்த முதுகைப் பார்க்க உத்தரவு கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"கத்தி வைக்குமுன்ன நீங்களும் வேர் வச்சுக் கேளுங்க," என்றான். "அது மண்ணு."

"என் தோளுக்கு நான் யாரைக் கேக்கணும்?" என்றார் முன்சாமி. "அன்னிக்குக் கேட்டோமே, குடுத்தீங்களா?"

சேரு வேரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெந்நீரில் ஊறவைத்து வசந்தமலர் சுத்தமாகச் சீவினாள். அடியில் கடல்தான் இருந்தது. சீவலெல்லாம் சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டிக்குப் போனது. காலையில் வண்டி வந்து அள்ளிச் சென்றது. பிறகு, தோளுக்கடியில் விரித்திருந்த துண்டை உதறிய பிம்லாவின் கையில் ஒரு சீவல் ஒட்டியது. அதில் லபாசா ஆலையின் புகைபோக்கி, ஆறு, கரையில் இன்னும் அணையாத ஒரு சிதை.

"அண்ணை, எனக்குத் தெரியேல்லையே," என்றாள் வசந்தமலர்.

முன்சாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் அது காய்ந்து உள்ளங்கையிலேயே பொடிந்தது.

பிறகு அந்தத் தோளில் உப்புநீர் கசிந்து அரிசி கெட்டது. கிடங்கில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு சுமக்கிறார். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் லௌடோக்கா என்கிறார். கேட்டவர்கள் சட்டையைத் தூக்கிப் பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது.