அத்தான் வரைந்த புள்ளி

என் அத்தான் காசு கொடுத்தாலும் பேசமாட்டார். அதற்காகக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, வாய் நீளமும் கிடையாது. அந்த வாய் மட்டும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பதுதான் என் அக்காவின் குறை.

அவர் மேசை, நாற்காலி, விளக்கு, சுவர்ப் படம் எல்லாம் வடிவமைக்கிறவர். எந்தக் கம்பெனியையும் சேராமல் தனியாகச் செய்கிறார். பாணி, ஸ்காண்டிநேவியப் பாணி. வெளிர் மரம், வெள்ளைச் சுவர், சாம்பல் நிறத் துணி, எதுவும் கண்ணை உறுத்தக் கூடாது. ஸ்காண்டிநேவியா பக்கம் அவர் தலை வைத்தும் படுத்ததில்லை. ஆனால் அங்கே ஒரு வீட்டில் என்னென்ன இருக்காது என்று கேட்டால் வரைந்தே காட்டிவிடுவார்.

கல்யாணமான புதிதில் அந்த வீட்டு ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை தொங்கியது. "வேண்டாமே" என்றார், போயிற்று. பிறகு சுவர்க் கடிகாரம், சோபாவில் இருந்த குட்டித் தலையணைகள், ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்த பொம்மைகள், எங்கள் குடும்பப் போட்டோ. எல்லாவற்றுக்கும் அதே "வேண்டாமே"தான். "கடைசியில அந்த வீட்டுல கலர்னு மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்டி" என்பாள் அக்கா. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் கையில் இருந்த பென்சிலைக்கூடக் கீழே வைக்காமல் "சரி" என்றாராம். அந்தச் "சரி"தான் அவளுக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

வந்தவள் என்னோடு தங்கிவிட்டாள். என் வீடு என்பது ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வெளியே போக வேண்டிய ஒரு சமையலறை. அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்ததற்கெல்லாம் சேர்த்து இங்கே பேசித் தீர்த்தாள். பல் தேய்க்கும்போதும் பேசுவாள். டிவி ஒரு பக்கம் ஓடும், ஃபோன் ஒரு பக்கம் பாடும். நான் உட்கார்ந்து வேலை பார்க்க என்று வாங்கிய ஒரே நாற்காலியில் அவளுடைய துணிகள் உட்கார்ந்துவிட்டன. நானும் மனுஷிதானே. இவள் எப்போது கிளம்புவாள் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்ளாத நாளில்லை, மறைப்பானேன்.

என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். வீட்டுச் சாமான்களை ஆன்லைனில் விற்கும் கடையில் கதை எழுதுகிறேன். ஒவ்வொரு பொருளின் படத்துக்குக் கீழேயும் ஏழெட்டு வரி வருமே, "விடியற்காலை மூடுபனியின் நினைவில் பிறந்த குவளை" என்று, அதெல்லாம் என் கைங்கரியம். எங்கள் முதலாளியம்மா தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர்களாகத் தேடிப் பிடித்து விற்பார். "பொருளை யாரும் வாங்கறதில்லம்மா, கதையத்தான் வாங்கறாங்க" என்பது அவர் கொள்கை. அந்தக் குவளையின் கைப்பிடிக்குள் விரல் நுழையாது என்பதைக் கதையில் சேர்க்கக் கூடாது என்பதும் அவர் கொள்கைதான். அக்காவுக்கு இந்த வேலை பிடிபட்டதே இல்லை. "ஏதோ கடையில கணக்கு பாக்கறா" என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்லிவைப்பாள்.

அக்கா என்னோடு இருந்த சமயத்தில் வந்த புதுச் சரக்கில் அத்தானுடையதும் இருந்தது. உறவு என்று நான் மூச்சு விடவில்லை. எங்கள் வழக்கம் இப்படி: நான் எழுதியதை வடிவமைப்பாளருக்கு அனுப்புவோம், அவர் வெட்டித் திருத்தி அனுப்புவார், பிறகு விற்பனைக்கு ஏறும். அத்தானுடைய நாற்காலிக்கு எட்டு வரி எழுதி அனுப்பினேன். "மரம். உட்காரலாம்." என்று திரும்பி வந்தது. விளக்குக்கு, காட்டையும் நிலாவையும் இழுத்து வந்து எழுதியிருந்தேன். "விளக்கு" என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்து மிச்சத்தை அடித்திருந்தார்.

மூன்றாவது, சுவர்ப் படம். பெரிய சாம்பல் நிறத் தாள். மூலையில் மிளகு அளவுக்கு ஓர் ஆரஞ்சு நிறப் புள்ளி. அவ்வளவுதான். முதலாளியம்மா அதைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எது மேல் பக்கம்மா இதுல?"

"புள்ளி கீழ வரணும்னு எழுதியிருக்கார் மேடம்."

"நல்லதா ஒரு கதை போடு. கதை இல்லன்னா, அச்சுல ஏதோ தப்பு விழுந்திருக்குன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

அன்று காலைதான் எனக்கும் அக்காவுக்கும் நாற்காலியை வைத்து வாய்த்தகராறு. "நான் உனக்கும் பாரமாயிட்டேன்ல" என்று அவள் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அது மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. எல்லாம் இந்த மனிதரால் வந்தது என்று கோபம் அவர் மேல் திரும்பியது. நறுக்கென்று உறைக்கட்டும் என்று எழுதினேன்:

"வேண்டாம் வேண்டாம் என்று வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்ட ஒருவன், எடுக்கக் கூடாத ஒன்றையும் சேர்த்து எடுத்துவிட்டான். அதன் பிறகுதான் சுவர் எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரிந்தது. திரும்பி வந்துவிடு என்று சொல்லத் தெரியாதவன் வைத்த புள்ளி இது."

அடித்துத் தள்ளிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எந்தப் பதிலும் வரவில்லை. கெடு முடிந்ததும் அலுவலகத்தில் எழுதியது எழுதியபடியே ஏற்றிவிட்டார்கள். முதலாளியம்மா தன் பங்குக்கு மேலே "வடிவமைப்பாளரின் மனதிலிருந்து" என்று ஒரு தலைப்பும், பக்கத்தில் அத்தானின் போட்டோவும் போட்டார்.

படம் சக்கைப்போடு போட்டது. பெண்டாட்டியோடு சண்டை போட்டவர்கள் வாங்கினார்கள், போடப் போகிறவர்கள் முன்ஜாக்கிரதையாக வாங்கினார்கள். ஒரு அம்மாள் படித்துவிட்டு அழுததாக எழுதியிருந்தார். இன்னொருவர், புள்ளி தன் சோபாவுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டுத் தருவீர்களா என்று கேட்டிருந்தார்.

யாரோ ஒரு சிநேகிதி அதை அக்காவுக்கு அனுப்பிவைத்திருக்கிறாள். ஒரு விடுமுறை நாளில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோனும் கையுமாக வந்து நின்றாள்.

"உங்க அத்தான் என்ன எழுதியிருக்கார் பாருடி."

என் சமையலறை வாசலில் நின்று என் வரிகளை எனக்கே படித்துக் காட்டினாள். "சொல்லத் தெரியாதவன்" என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. படித்து முடித்த கையோடு பையைத் தேடி எடுத்தாள். நாற்காலியில் இருந்த துணிகள் ஒவ்வொன்றாக அதற்குள் போயின.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், வீடு எனக்கு. அந்த ஆசை வரத்தான் வந்தது. ஆனால் இவள் அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, "எழுதினீங்களே" என்று அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் திருதிருவென்று விழிப்பார். பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் போனேன்.

"அக்கா, அது அவர் எழுதினது இல்ல."

"பின்ன? பேரு போட்டிருக்கு, போட்டோ போட்டிருக்கு."

"நான் எழுதினேன். என் வேலையே அதுதான்."

அக்கா பாதி மடித்த துணியோடு கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டித் தீர்க்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் வேறு கேட்டாள்.

"அவர்கிட்ட காட்டினீங்களா?"

"அனுப்பினோம்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"பதிலே வரல. பதில் வரலன்னா சரின்னு எடுத்துக்கறது எங்க வழக்கம்."

"நானும் அப்படித்தான்டி எடுத்துக்கிட்டு இருந்தேன், இத்தனை வருஷமா" என்றாள்.

பிறகு ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அத்தானைக் கூப்பிட்டாள். ஆசை யாரை விட்டது. இவ்வளவு கோபப்படுகிற நானே, அந்த ஆள் "கிளம்பி வா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுமே என்று ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அந்தப் புள்ளி படத்துக்குக் கீழ போட்டிருக்கிறத படிச்சீங்களா?"

அந்தப் பக்கம் பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது.

"ம்."

"வெட்டலையே?"

"இல்ல."

"ஏங்க வெட்டல?"

பென்சில் சத்தம் நின்றது. அக்கா ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா விக்கும்னு தோணுச்சு" என்றார் அத்தான். அவரைப் பொறுத்தவரை அது நீளமான வாக்கியம்.

அக்கா ஃபோனை அணைத்தாள். அழவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பக்கத்துல ஏதாவது லேடீஸ் ஹாஸ்டல் இருக்கான்னு பாக்கணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "உன் வீட்டையும் எத்தனை நாள்தான் அடைச்சுக்கிட்டு இருக்கறது."

ஊரில் உள்ள குவளைக்கும் கூடைக்கும் எட்டு வரி எழுதுகிறவள் நான். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வரி வரவில்லை. நாற்காலிச் சண்டை நடந்த அன்று காலை அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படியிறங்கிய அதே ஊமைத்தனம். துணி இல்லாத என் நாற்காலி ஜன்னல் வெளிச்சத்தில் சுத்தமாக, அழகாக நின்றது. அத்தான் பார்த்தால் மெச்சியிருப்பார். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என் மேலேயே பயம் வந்துவிட்டது.

"நீ இங்க இருக்கறது எனக்குக் கஷ்டம்தான்க்கா" என்றேன். "உன் டிவி கஷ்டம், உன் துணி கஷ்டம், எழுந்ததுலேர்ந்து நீ பேசிக்கிட்டே இருக்கறது சத்தியமா தாங்க முடியல. ஆனா நீ போகாத."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஃபோனில் வராத அழுகை இப்போது வந்தது.

"இந்த ஒரு வார்த்தைதான்டி. அன்னிக்கு அந்த வீட்டு வாசல்ல பையோட நின்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன். சொல்லியிருந்தா அந்த மனுஷனுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுது முடித்து, மடித்திருந்த துணியிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவர் வாயில வராதத அவருக்காக அவ்வளவு நல்லா எழுதிக் குடுத்திருக்க" என்றாள். "உன் வாயில வர இத்தனை நாளாச்சேடி."

"ஆமாக்கா" என்றேன்.